வங்காள விரிகுடாப் புயல் முன்னறிவிப்பு

வங்காள விரிகுடாப் புயல் முன்னறிவிப்பு என்பது, இந்தியப் பெருங்கடலின் வடகிழக்குப் பகுதியான வங்காள விரிகுடாவில் உருவாகும் வெப்பமண்டலச் சூறாவளிகளை முன்கூட்டியே கணித்து, கரையோர மக்களுக்கும் துறைமுகங்களுக்கும் கடலில் உள்ளோருக்கும் அறிவிக்கும் பணியாகும். இந்தியாவில் இப்பணியை இந்திய வானிலை ஆய்வுத் துறை மேற்கொள்கின்றது. அலை, நீரோட்டம் முதலிய கடல்நிலை முன்னறிவிப்புகளை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடுகின்றது. கரையில் வாழ்பவரைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் அவகாசம் பெரும்பாலும் போதுமானது. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் மீன்பிடிப்பவருக்கு அதே ஒரு நாள் போதாது. கடல்சார் முன்னறிவிப்பின் முதன்மைச் சிக்கல் இதுவேயாகும்.

புயல் உருவாகும் சூழல்

வெப்பமண்டலச் சூறாவளிக்கு ஆற்றல் தருவது வெப்பமான கடல்நீர் ஆகும். பொதுவாகக் கடலின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பநிலை 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இந்நீரிலிருந்து எழும் நீராவி மேலே சென்று குளிர்ந்து முகிலாகும்போது, தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுகின்றது. அதனால் சுற்றியுள்ள காற்று மேலும் எழும்ப, கீழே அழுத்தம் குறைகின்றது. நாற்புறமிருந்தும் காற்று அவ்விடம் நோக்கி விரைகின்றது. புவியின் சுழற்சியால் ஏற்படும் கொரியோலிஸ் விளைவு, இக்காற்றை வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழலச் செய்கின்றது. புவிநடுக்கோட்டை ஒட்டி இவ்விளைவு மிகக் குறைவாதலால், அங்கு புயல்கள் அரிதாகவே தோன்றுகின்றன.

வெப்பநீர் மட்டும் போதாது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறினால், எழும் முகிற்கூட்டம் சாய்ந்து சிதைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் மாதங்களில் கடல் வெப்பமாக இருந்தும் வலுவான புயல்கள் குறைவாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். எனவே புயற்காலங்கள் இரண்டாக அமைகின்றன: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று.

வங்காள விரிகுடாவுக்கு ஒரு தனி இயல்பும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகள் கொண்டு சேர்க்கும் நன்னீர், உப்புச் செறிவு குறைந்த மெல்லிய அடுக்காக மேலே பரவி நிற்கின்றது. வேறு கடல்களில் புயற்காற்று கடலைக் கலக்கி, கீழுள்ள குளிர்நீரை மேலே கொணர்வதால் புயலின் வலு ஓரளவு குறைவதுண்டு. இங்கோ இவ்வடுக்கு அக்கலப்பைத் தடுக்கின்றது. ஆகவே புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் எளிதில் குறைவதில்லை.

வரலாறு

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், கடலோடிகளுக்காக 1848 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி 'சைக்ளோன்' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த ஆண்டிலேயே அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது.

வட இந்தியப் பெருங்கடற் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004 இல் தொடங்கியது. 2020 இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் அளித்த 169 பெயர்கள் உள்ளன. இந்தியா அளித்த பெயர்களுள் 'முரசு' என்னும் தமிழ்ச் சொல்லும் ஒன்று.

வகைப்பாடு

காற்றின் வேகம் கடல்சார் அறிக்கைகளில் 'நாட்' என்னும் அலகில் தரப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ ஆகும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாடு வருமாறு:

• காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி – 17 நாட்டுக்குக் கீழ்
• காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – 17 முதல் 27 வரை
• ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – 28 முதல் 33 வரை
• புயல் – 34 முதல் 47 வரை
• தீவிரப் புயல் – 48 முதல் 63 வரை
• மிகத் தீவிரப் புயல் – 64 முதல் 89 வரை
• அதிதீவிரப் புயல் – 90 முதல் 119 வரை
• சூப்பர் புயல் – 120 நாட்டும் அதற்கு மேலும்

நான்காம் நிலையை எட்டும்போதே பெயர் சூட்டப்படுகின்றது. ஆயினும் சிறு படகு ஒன்றுக்கு இரண்டாம் நிலையே ஆபத்தானதாகும். பெயர் இல்லாமையைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

கணிக்கும் முறை

கடலின் நடுவே வானிலை நிலையங்கள் இல்லை. ஆகையால் செயற்கைக்கோள்களே முதன்மைக் கருவிகளாக உள்ளன. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களில் முகில்களின் அமைப்பைக் கொண்டு புயலின் வலு மதிப்பிடப்படுகின்றது. 1970களில் வெர்னன் டிவோராக் உருவாக்கிய முறை இதற்கு அடிப்படையாகும். நங்கூரமிட்ட மிதவைகளும் கப்பல்களும் அழுத்தம், காற்று, நீரின் வெப்பநிலை ஆகியவற்றைத் தெரிவிக்கின்றன. புயல் கரையை நெருங்கும்போது டாப்ளர் ராடார்கள் உதவுகின்றன. சென்னையில் இத்தகைய ராடார் 2002 இல் நிறுவப்பட்டது. இத்தரவுகள் அனைத்தும் கணினி மாதிரிகளில் இடப்பட்டுப் புயலின் பாதை கணிக்கப்படுகின்றது.

பாதையைக் கணிப்பதைவிட வலுவைக் கணிப்பது கடினம். 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் 30 நாட் அல்லது அதற்கு மேல் உயருமாயின், அது விரைவான வலுப்பெறுதல் எனப்படும். வெப்பம் மிகுந்த கடலில் இது நிகழும்போது, முந்தைய நாளின் கணிப்பு பயனற்றதாகிவிடக்கூடும்.

எச்சரிக்கைகள்

கரைப்பகுதிகளுக்கு நான்கு கட்டங்களாக எச்சரிக்கை தரப்படுகின்றது. முதல் கட்டம் 72 மணி நேரத்துக்கு முன்னரும், இரண்டாவது 48 மணி நேரத்துக்கு முன்னரும், மூன்றாவது 24 மணி நேரத்துக்கு முன்னரும் வெளியாகும். நான்காவது, புயல் கரையைக் கடந்த பின் உள்நாட்டில் எதிர்பார்க்கத்தக்க விளைவுகளைக் கூறும்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணப்படுகின்றன. 1, 2 ஆகியவை தொலைவில் உள்ள புயலையும், 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்பையும் உணர்த்தும். 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பெரும் அபாயத்தையும் குறிக்கும். எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அற்றுப்போனால் 11 ஆம் எண் கூண்டு ஏற்றப்படும். இரவில் கூண்டுகளுக்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் பயன்படும்.

கடல்நிலை அறிக்கையைப் புரிந்துகொள்ளல்

அறிக்கையில் கூறப்படும் அலை உயரம் பொதுவாகச் சராசரி உயரம் அன்று. அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியே அவ்வாறு கூறப்படுகின்றது. ஆதலால் 3 மீட்டர் என அறிவிக்கப்பட்ட கடலில், இடையிடையே அதனினும் ஏறத்தாழ இருமடங்கு உயரமான அலை எழலாம். உள்ளூரில் காற்றே இல்லாதபோதும், தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த நெடிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து கரையைத் தாக்குவதுண்டு. தென்னிந்திய மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர்.

கருவிகள் ஏதுமில்லாத கடலோடிக்கும் ஒரு விதி உதவும். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், தாழ்வழுத்த மையம் இடப்புறம் இருக்கும். இது பைசு பாலட் விதி எனப்படுகின்றது.

கரையும் கடலும்

1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் அதே மாநிலத்தில் கரையைக் கடந்த பைலின் புயலின்போது, ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. முன்னறிவிப்பும் வெளியேற்றமும் இணைந்தால் கரையைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

கடலில் நிலை வேறு. 2017 நவம்பர் 29 அன்று இலங்கையை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவான ஒக்கி, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாக வலுப்பெற்றது. ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர்பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் பல அதற்கு முன்னரே நெடுந்தொலைவு சென்றிருந்தன. இத்தகைய படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குவன. கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கி.மீ தொலைவுக்கு அப்பால் கைத்தொலைபேசி இயங்குவதில்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.

இதன் பின்னர், கடலுக்குப் புறப்படுமுன்னரே பயன்படத்தக்க நீண்டகால அறிவிப்புகளுக்கு முதன்மை அளிக்கப்பட்டது. அடுத்த இரு வாரங்களில் புயல் தோன்றக்கூடிய வாய்ப்பு வியாழக்கிழமைதோறும் வெளியிடப்படுகின்றது. மீனவர்களுக்கான எச்சரிக்கை ஐந்து நாட்களுக்குத் தரப்படுகின்றது. செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியைப் படகிலுள்ள கைத்தொலைபேசிக்கு மாற்றித் தரும் 'ஜெமினி' என்னும் கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. இதன்வழி கரைச் செய்தி கடலை அடைகின்றது. படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது. செய்தி எட்டிய பின்னும், விரையும் புயலுக்கு முன் கரை சேர்வது படகின் வேகத்தையும் தொலைவையும் பொறுத்ததாகும்.

இவற்றையும் பார்க்கவும்

• வெப்பமண்டலச் சூறாவளி
• வடகிழக்குப் பருவக்காற்று
• ஒக்கி புயல்