கணக்கினாற் காணும் இரசாயனம்

இரசாயனம் என்றவுடன் பழைய மாணவர் பலரின் நினைவிற்கு வருவன ஆய்வுகூடமும், சோதனைக் குழாயும், பன்சன் சுடரடுப்புமேயாம். இவற்றுள் ஒன்றையேனும் தொடாது, கணக்கினாலேயே மூலக்கூறுகளின் இயல்பை ஆராயும் பிரிவொன்றும் அவ்வியலில் உண்டு. அதனைக் கொள்கைமுறை இரசாயனம் என்றும், கணினியைத் துணைக்கொள்ளுமிடத்துக் கணிப்பு இரசாயனம் என்றும் வழங்குவர். அத்துறையில் உலகப் புகழ் எய்திய அறிஞரொருவரின் ஆராய்ச்சியை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

கிருஷ்ணன் இராகவாச்சாரி 1953இல் சென்னையிற் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1973இல் இளநிலைப் பட்டமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1975இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஜோன் போப்பிளிடம் பயின்று 1981இற் கலாநிதியானார். அப்போப்பிளே 1998இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றவர்.

இராகவாச்சாரி கைக்கொண்ட சிக்கல் யாது? மூலக்கூறொன்றிலுள்ள இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவன. நமது உட்டுறைமுகத்தில் ஒரே வேளையிற் பல வள்ளங்கள் செல்லுமாயின், ஒவ்வோர் ஓட்டியும் ஏனைய வள்ளங்கள் அக்கணத்தில் நிற்கும் இடத்தை நோக்கியன்றோ தன் வள்ளத்தைத் திருப்புவான்? ஹார்ட்ரி, பொக் என்போர் வகுத்த பழைய முறையோ, ஏனைய வள்ளங்களைத் துறைமுகமெங்கும் பரந்த மூடுபனியாக எண்ணி ஒரு வள்ளத்தைச் செலுத்துவது போன்றது. இதனால் மொத்தச் சக்தியில் விளையும் பிழை நூற்றிலொரு பங்கினுங் குறைவே.

அத்துணைச் சிறு பிழையை விட்டுவிடலாகாதோ எனின், ஆகாது. ஒரு மூல் நீரின் மொத்த இலத்திரன் சக்தியின் பருமன் ஏறத்தாழ 48,000 கிலோகலோரி. அந்நீரை ஐதரசன், ஒட்சிசன் அணுக்களாகப் பிரிப்பதற்கு வேண்டுவதோ ஏறத்தாழ 230 கிலோகலோரி மாத்திரமே. பழைய முறை இதனை 160 அளவிலேயே காட்டும். பெருந்தொகையிற் சிறிதாய்த் தோன்றிய பிழை, பிணைப்பின் கணக்கில் மூன்றிலொரு பங்கை விழுங்கிவிடுகின்றது. இரசாயன மாற்றங்கள் யாவும் அச்சிறு எச்சத்திலேயே அடங்கியுள்ளன.

இலத்திரன்கள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று விலகுதலைக் கணிக்கும் வழிகள் முன்னரே இருந்தன. மும்மூன்றாக விலகுதலை முழுவதுங் கணித்தலே பெரும்பாடு. மூலக்கூறு இரு மடங்காயின் அவ்வேலை 256 மடங்காகும். விடை நிலைபெறும்வரை அதனைத் திரும்பத் திரும்பச் செய்தலும் வேண்டும். பிறரும் முயன்ற இவ்விடத்தில், பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய இராகவாச்சாரி, டிரக்ஸ், போப்பிள், ஹெட்-கோர்டன் ஆகியோருடன் 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரட்டைகளின் பங்கை முற்றக் கணித்தபின், மும்மைகளின் பங்கை இறுதியில் ஒருமுறை மாத்திரம் மதிப்பிட்டுச் சேர்ப்பதே அதிற் காட்டிய வழி. வேலை 128 மடங்காகக் குறைந்தது, விடையோ செம்மையுற்றது. இன்று புதிய முறைகளின் மாற்றுக் காண்பதற்கு இதுவே உரைகல்லாக விளங்குகின்றது.

அதே ஆண்டிற் போப்பிள், கேர்ட்டிஸ் முதலியோருடன் அவர் தொடங்கிய 'ஜி' வரிசைக் கணிப்புமுறைகள் 1991, 1998, 2007 ஆகிய ஆண்டுகளிற் படிப்படியாகத் திருத்தமுற்றன. பிழையை ஏறத்தாழ ஒரு கிலோகலோரிக்குள் அடக்குதலே அவற்றின் நோக்கம். கணப்பொழுதில் அழிவனவும், தொடுதற்கரிய நஞ்சாவனவுமான பொருள்களின் சக்தியையும் இவற்றால் அறியலாம். கணினியின் உறுப்புகளுக்கு மூலமாகிய சிலிக்கனின் சிறு திரள்களையும் மேற்பரப்பையும் அவர் கணினியாலேயே ஆராய்ந்தார். 2002இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகிய பின், பெரிய மூலக்கூறுகளைச் சிறு கூறுகளாக்கிக் கணிக்கும் வழிகளையும் வகுத்தார்.

நமது மாணவருட் கணிதப் பிரிவினர் சிலர் இரசாயனத்தை மனனஞ் செய்யும் பாடமென வெறுப்பர். இரசாயனத்தை விரும்புவோர் சிலர் கணிதத்தைக் கண்டு அஞ்சுவர். இரண்டும் ஒன்றுகூடும் இடத்தை மேற்கூறிய வரலாறு காட்டுகின்றது. நமது கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடைய விபுலாநந்த அடிகளார் இரசாயனங் கற்பித்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலிற் கணக்கின் துணைகொண்டு மறைந்த யாழை ஆராய்ந்தவர். அவ்வழி நமக்குப் புதிதன்று. நீர் மூலக்கூற்றின் கணக்கை இன்று இலவசமாகக் கிடைக்கும் செயலிகளாற் சாதாரணக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். விலையுயர்ந்த ஆய்வுகூடம் இல்லையே என்று துறைமுகத்து மாணவர் எவரும் இத்துறையினின்றும் ஒதுங்க வேண்டுவதில்லை. வேண்டுவது, பிறர் சிறிதென்று விட்ட எச்சத்தைத் தாம் விடாது பற்றும் பொறுமையே.