நூறு கெஜத்தில் ஒரு தாள்

இலையுதிர் காலத்தில் மான் வேட்டை தொடங்கும் முன், அமெரிக்காவின் துப்பாக்கிப் பயிற்சித் திடல்களில் கூட்டம் கூடும். ரைபிளின் மேல் பூட்டிய ஸ்கோப் காட்டும் புள்ளியில்தான் தோட்டா போய்ச் சேருகிறதா என்று சரிபார்க்க வருகிறார்கள். இதற்கு 'ஜீரோ செய்வது' என்று பெயர். குறி தவறினால் மான் காயத்தோடு ஓடி, காட்டுக்குள் வதைபட்டுச் சாகும். அதனால் இந்தச் சரிபார்ப்பை நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை. அதைச் செய்து தருவது நூறு கெஜத்துக்கு அப்பால் ஒட்டிய ஒரு தாள்.

இலக்கு என்றதும் கறுப்பு வட்டம்தான் மனதில் வரும். ஸ்கோப்புக்கு அது சரிப்படாது. உள்ளே தெரியும் குறுக்குக் கம்பிகளும் கறுப்பு. வட்டத்தின் மேல் வைத்தவுடன் கரைந்துவிடும். தோட்டா போட்ட துளையும் கறுப்புக்குள் காணாமல் போகும். அதனால் வெள்ளைத் தாளில் நான்கு கறுப்புச் சதுரங்களை வரைந்து, நடுவே கூட்டல் குறி போல வெள்ளைச் சந்து விடுவார்கள். கம்பி அந்தச் சந்துக்குள் இறங்கும்போது இரு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கீற்று தெரியும். இரண்டு கீற்றும் ஒரே அகலமா என்று மட்டும் கண் பார்த்தால் போதும்.

இதில்தான் கண்ணின் அதிசயம் இருக்கிறது. 6/6 பார்வை உள்ளவர், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை அளவு நுணுக்கத்தைப் பிரித்தறிவார். ஆனால் இரண்டு கோடுகள் நேராகப் பொருந்தாமல் விலகியிருந்தால், அதிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு விலகலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைப் பிடித்து எந்தக் கோடு எதோடு பொருந்துகிறது என்று பார்த்தோமே, அது இந்தத் திறனை நம்பிய கருவிதான். விழித்திரையில் பல செல்கள் தரும் செய்திகளைச் சேர்த்துப் பார்த்து, ஒரு செல்லின் அகலத்தைவிடச் சின்ன விலகலை மூளை கணிக்கிறது. நல்ல இலக்குத்தாள் கண்ணிடம் இந்த வேலையைத்தான் கேட்கிறது.

சதுரங்களைச் சுற்றி ஓர் அங்குலக் கட்டங்கள் இருக்கும். நூறு கெஜத்தில் ஒரு கலை 1.047 அங்குலம், ஏறக்குறைய ஒரு கட்டம். பல ஸ்கோப்புகளில் திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் கால் கலை நகரும். மூன்று குண்டு சுட்டு, துளைகளின் நடுவிடம் மையத்திலிருந்து இரண்டு கட்டம் வலப்புறம், மூன்று கட்டம் கீழே என்றால், இடப்பக்கம் 8 கிளிக், மேலே 12. ஒரே ஒரு துளையை நம்பித் திருகைத் தொடக்கூடாது; அது கை நடுங்கியதாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே அச்சிடுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். கட்டம் ஓர் அங்குலம் இராது. வெளியே வந்த தாளின் மேல் அடிக்குச்சியை வைத்துப் பார்த்துவிட வேண்டும். தாளும் கொஞ்சம் தடிமனாக வேண்டும். மெல்லிய தாள் கிழிந்து தொங்கும். துளையின் நடு எதுவென்று தெரியாது. அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டினால் ஓரம் சுத்தமாக வெட்டுப்படும்.

வேலை முடிந்ததும் தாளின் மூலையில் தேதி, தூரம், தோட்டாவின் வகை மூன்றையும் எழுதித் துப்பாக்கி உறைக்குள் வைத்துக்கொள்வார்கள். தோட்டாவின் வகை மாறினால் அது விழும் இடமும் மாறும். அன்றைக்குப் புதிய தாள் ஒன்று ஒட்டியாக வேண்டும்.