பேட்டரி சார்ஜரும் பூட்டிய கடையும்

விடியற்காலையில் கொள்முதலுக்குப் புறப்படும்போது சரக்கு வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வியாபாரமே தடுமாறிவிடும். அதனால் நம்மில் பலர் சொந்தமாகவே பேட்டரி சார்ஜர் வாங்கி வைத்திருக்கிறோம். இரவில் சார்ஜ் போட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறி நிறையும் தறுவாயில் ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் கலந்துவிட்டாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும். எனவே ஊதுபத்தி, கற்பூரம், பீடி எதுவும் அருகில் கூடாது. சாக்கும் தீப்பெட்டிப் பண்டலும் அடுக்கிய கிடங்கும் இதற்கு ஏற்ற இடமல்ல. காற்றோட்டமுள்ள இடமே வேண்டும்.

பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி வைத்து, சிவப்பு கிளிப்பை பிளஸ் முனையிலும் கறுப்பை மைனஸ் முனையிலும் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்து, பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் பேட்டரியின் தலைமேலேயே பொறி பறக்கும்.

80 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்குச் சுமார் 8 ஆம்பியர் போதும். அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால் சூடும் வாயுவும் கூடும். கண்ணில் ஆசிட் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

ஆகவே, ஆள் இருக்கும் பகல் நேரத்திலேயே சார்ஜ் போடுவோம். ஒரு பேட்டரிக்காகக் கடையைப் பணயம் வைக்க வேண்டாம்.