இரண்டு கோல், முப்பது வருஷம்

"கால்பந்தா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இதில் பந்து கொஞ்சந்தான் வருகிறது. பணமும் மானமும்தான் அதிகம்.

1914 ஆகஸ்டில் இங்கிலாந்து மகா யுத்தத்தில் இறங்கியது. செப்டம்பர் பிறந்ததும், ஒன்றுமே நடவாததுபோல் அங்கே கால்பந்து லீக் பந்தயங்கள் ஆரம்பமாயின. "வாலிபர்கள் போர்முனையில் சாகிறார்கள், இங்கே பந்து உதைத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று பலர் சீறினார்கள். அந்த வருஷப் பந்தயம் முடிந்ததும் லீக்கை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள் என்பது ஆட்டக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது.

அவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். எத்தனை கெட்டிக்கார ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 5 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது அந்நாளைய சட்டம். அதுவும் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? லீக் மறுபடி தொடங்கும்போது வயதும் ஏறியிருக்கும். இந்தப் பயம்தான் சிலருடைய புத்தியைக் கெடுத்தது.

1915 ஏப்ரல் 2, பெரிய வெள்ளிக்கிழமை. மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டியும் லிவர்பூல் கோஷ்டியும் மான்செஸ்டரில் ஓல்ட் டிராஃபர்டு மைதானத்தில் மோதின. லீக்கில் இருந்தவை 20 கோஷ்டிகள். கடைசி இரண்டு இடத்தில் நிற்பவை கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். மான்செஸ்டர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. ஜார்ஜ் ஆண்டர்ஸன் இரண்டு கோல் போட, மான்செஸ்டர் இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது.

ஜெயித்த விதம்தான் விசித்திரம்! மான்செஸ்டருக்குக் கிடைத்த பெனால்டி உதை கோலைவிட்டு வெகுதூரம் விலகிப் போயிற்று. மான்செஸ்டர் ஆட்டக்காரர் ஈனாக் வெஸ்ட், பின்பாதியில் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைப்பதிலேயே கண்ணாயிருந்தாராம். லிவர்பூலின் ஃபிரெட் பக்னம் உதைத்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. ஐயோ, தப்பிவிட்டதே என்று சகாக்கள் வருந்தவில்லை. ஏன் உதைத்தாய் என்று அவரிடமே சண்டைக்குப் போனார்கள்!

சூதாட்டக்காரர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சரியாக 2–0 என்று பணம் கட்டியவர்கள் ஏராளம். ஒரு ஷில்லிங் கட்டினால் ஏழு ஷில்லிங் லாபம். விசாரணை நடந்து, டிசம்பரில் தீர்ப்பு வந்தது. லிவர்பூலில் நான்கு பேர், மான்செஸ்டரில் மூன்று பேர் ஆயுள் முழுவதும் ஆடக்கூடாது என்று தடை. மான்செஸ்டர் மூவரில் அன்று மைதானத்தில் இறங்கி ஆடியவர் வெஸ்ட் ஒருவர்தான்.

அந்த ஆட்டத்தின் முடிவை மட்டும் யாரும் மாற்றவில்லை. மான்செஸ்டர் 30 பாயிண்டுடன் தப்பிற்று. அதற்குக் கீழே 29 பாயிண்டுடன் நின்றது செல்ஸி. பிறகு 1919-இல் லீக் மீண்டும் தொடங்கியபோது கோஷ்டிகளை 22 ஆக்கி, செல்ஸியைக் கீழே இறக்காமல் வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் எவர்ட்டன் 46 பாயிண்டு எடுத்து, ஓல்டாமை ஒரே பாயிண்டில் முந்திச் சாம்பியன் ஆயிற்று. பாவம், அந்த வெற்றியைப் பேசுவோர் குறைவு; இந்த மோசடியைத்தான் பேசுகிறார்கள்.

தடை பெற்றவர்களில் ஸாண்டி டர்ன்புல் பட்டாளத்தில் சேர்ந்து, 1917 மே மாதம் பிரான்ஸில் அராஸ் சண்டையில் மடிந்தார். உடல் கூடக் கிடைக்கவில்லை. 1919-இல், நாட்டுக்குச் செய்த சேவைக்காக என்று சொல்லித் தடைகளை நீக்கினார்கள். செத்துப்போன டர்ன்புல்லுக்கும் மன்னிப்பு உண்டு. வெஸ்டுக்கு மட்டும் இல்லை!

காரணம், அவர் பணிந்துபோகவில்லை. "நான் நிரபராதி" என்று கோர்ட்டில் மானநஷ்ட வழக்கே போட்டார். பக்னம் சாட்சிக் கூண்டில் ஏறி அவருக்கு எதிராகப் பேசினார். வழக்குத் தோற்றது. அவர் நிரபராதிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஏழு பேர் செய்த குற்றத்துக்கு ஒருவரையே இத்தனை காலம் வாசலில் நிறுத்தி வைத்தது என்ன நியாயம்?

இன்னொரு உலக யுத்தமும் வந்து முடிந்தது. 1945-இல்தான் வெஸ்டின் தடை நீங்கியது. தண்டனை பெற்றபோது 29 வயதாயிருந்தவருக்கு அப்போது வயது 59.