குழந்தைப் புற்றுநோய்: பழைய மருந்துக்கும் ஆராய்ச்சி தேவை

“டீச்சர், சிகரெட்டே பிடிக்காத சின்னப் பிள்ளைக்கு எப்படிப் புற்றுநோய் வரும்?” உயிரணுப் பிரிவு பற்றிய பாடத்தின்போது நான்காம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள்.

நம் எலும்பு மஜ்ஜையில் தினமும் கோடிக்கணக்கான இரத்த அணுக்கள் உருவாகின்றன. உயிரணு பிரியும்போது மரபணுவில் பிழை நேர்ந்தால், முதிராத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகக்கூடும். குழந்தைகளை அதிகம் தாக்கும் ‘ஏ.எல்.எல்.’ எனும் இரத்தப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்குகிறது. பிள்ளையோ பெற்றோரோ செய்த தவறால் இது வருவதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. 6-மெர்காப்டோபியூரின் மாத்திரை 1953 முதல் பயன்பாட்டில் உள்ளது. பிறகு எதற்கு ஆராய்ச்சி? எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்று தெரிய வேண்டுமே! குறைத்தால் நோய் திரும்பலாம். கூட்டினால் நோய் எதிர்ப்பாற்றல் சரிந்து, கிருமித்தொற்றே உயிரைப் பறிக்கலாம். சில மருந்துகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இதயத்தைப் பாதிக்கும்.

மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். ‘மா-ஸ்போர் 2003’ எனப்படும் அந்த ஆய்வில் 2002 முதல் 2011 வரை 556 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையின் 33ஆம் நாளிலும் 12ஆம் வாரத்திலும் அவர்களின் எலும்பு மஜ்ஜை சோதிக்கப்பட்டது. 10,000 அணுக்களுக்கு நடுவே ஒரே ஒரு புற்றணு ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. இரண்டு முறையும் மிச்சம் மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சையின் கடுமை குறைக்கப்பட்டது. 2012இல் முடிவு வெளியானது: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தனர்.

2015இல் இன்னோர் உண்மையும் தெரியவந்தது. NUDT15 என்ற மரபணுவின் மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைகளால், வழக்கமான மெர்காப்டோபியூரின் அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சராசரியாகத் தாங்க முடிவதில்லை. இம்மாற்றம் ஐரோப்பியர்களிடம் அரிது. கிழக்காசியர்களிடம் பரவலாக உண்டு. மேற்கத்தியப் பிள்ளைகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது எளிதில் புலப்பட்டிருக்காது. மருந்து வந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகே நமக்கு இது தெரிந்தது.

இத்தகைய ஆராய்ச்சியில் மருந்து நிறுவனங்களுக்கு இலாபம் குறைவு. மாத்திரை பழையது, மலிவானது. நோயாளிகளும் குறைவு: உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது, பெரியவர்களிலோ இந்த எண்ணிக்கை கோடியைத் தாண்டும். ஆகவே அரசு நிதியும் பொதுமக்கள் நன்கொடையும்தான் இதைத் தாங்க வேண்டும்.

பணக்கார நாடுகளில் இப்பிள்ளைகளில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். பல ஏழை நாடுகளில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நோய் ஒன்றுதான். அடுத்த முறை நன்கொடைப் பெட்டி நம் முன் வரும்போது, “மருந்துதான் இருக்கிறதே” என்று நகர்ந்துவிட வேண்டாம். சரியான அளவைக் கண்டுபிடிக்கவும் பணம் வேண்டும்.