வணக்கத்தில் தொடங்கும் பயிற்சி

பெங்களூரில் வாழும் தமிழர் தம் பிள்ளைகளை ஜூடோ, கராத்தே முதலிய ஜப்பானியக் கலைகள் பயில அனுப்புவது இன்று புதுமையன்று. ஆயினும், அங்கே பிள்ளை அடிக்கடி தலைதாழ்த்துவதைக் காணும் பெற்றோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. இது வழிபாடா, அடிமைத்தனமா, வெறுஞ் சடங்கா? மூன்றும் அன்று; இது காவல்.

இக்கலைகளின் பயிற்சிக்கூடத்தை ஜப்பானியர் ‘டோஜோ’ என்பர். நெறிக்குரிய இடம் என்பது பொருள். புத்தர் ஞானம் எய்திய இடத்தைக் குறிக்கும் ‘போதிமண்டம்’ என்னும் வடசொல்லுக்குச் சீனத்தில் அமைந்த பெயர்ப்பே இச்சொல். ஆசானைக் குறிக்கும் ‘சென்செய்’ என்பதற்கோ, முன்பிறந்தவர் என்று பொருள். நெறியில் நமக்கு முன் சென்றவர் என்பதே கருத்து.

விதி ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காலணியை வாயிலில் கழற்றுவது, வெறுங்காலும் உடலும் படும் தளம் தூய்மையாயிருத்தற்கு. நகம் களைந்து, மோதிரமும் சங்கிலியும் நீக்கி வருவது, எதிர் நிற்பவர் உடலில் கீறல் படாமைக்கு. காலந்தாழ்ந்து வந்தவர் ஓரத்தில் காத்திருந்து, ஆசான் இசைவு தந்தபின்னரே களம் புகுவர். ஒருவரையொருவர் வீழ்த்தும் இடத்தில் எதிர்பாராது குறுக்கே வருவது இருவர்க்கும் ஊறாகும் அன்றோ?

இவற்றுள் தலையாயது துணைவரிடம் காட்டும் மரியாதை. கானோ ஜிகோரோ 1882-ல் தோக்கியோவில் ‘கோடோக்கான்’ என்னும் ஜூடோப் பள்ளியை நிறுவியவர். தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதலை அவர் தம் கலையின் குறிக்கோளாக்கினார். ஜூடோவில் முழங்கையை மடக்கும் பிடியும் கழுத்தை நெருக்கும் பிடியும் உண்டு. பிடிபட்டவர் கையால் இருமுறை தட்டினால், பிடித்தவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். சற்றே தாமதித்தாலும் மூட்டு முறியலாம், நினைவு தப்பலாம். பயிற்சிக்கு முன் இருவரும் வணங்குவது, “என் உடலை உம்மை நம்பி ஒப்படைக்கிறேன், உம்முடையதை நான் காப்பேன்” என்று சொல்லாமற் சொல்லும் உறுதிமொழியே.

இதனால் வணக்கம் இருதிசைப்பட்டது. மாணாக்கர் வணங்கினால் ஆசானும் வணங்குவார். பணிவு என்பது வலியைப் பொறுத்து வாய்மூடியிருத்தல் அன்று. காயம் பட்டால் சொல்வதும், இயலாதபோது நிறுத்தக் கேட்பதும் ஒழுக்கத்தின் பாற்பட்டனவே.

இந்நெறி நமக்கு அயலானதும் அன்று. பெங்களூரின் பழைய பேட்டைத் தெருக்களில் ‘கரடி மனை’ எனப்படும் மற்பயிற்சிக் கூடங்கள் உண்டு. இங்குக் கரடி என்பது விலங்கன்று. பயிற்சிக்களத்தைக் குறிக்கும் கன்னட வழக்கு. அங்கும் மல்லர் வெறுங்காலுடன் புகுந்து, ஆஞ்சநேயரை வணங்கி, செம்மண்ணைத் தொட்டபின்னரே பொருதுவர். நம் சிலம்பக்காரரும் மண்ணைத் தொட்டு வணங்கியே கோலெடுப்பர். தமிழ்ப்பிள்ளையும் கன்னடப்பிள்ளையும் டோஜோவில் ‘இச்சி, நி, சன்’ என்று ஒரே குரலில் எண்ணும்போது, வீட்டுமொழி வேறாயினும் களத்தின் நெறி ஒன்றாகிவிடுகிறது.

பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் ஒருநாள் ஓரத்தில் அமர்ந்து காணல் நன்று. தட்டியவுடன் பிடி விடப்படுகிறதா? சிறுவன் வணங்கும்போது ஆசானும் தலைதாழ்த்துகிறாரா? இவ்விரண்டையும் நோக்கினால் போதும். சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் சொல்லாததை அவை சொல்லிவிடும்.