முதல் எட்டில் முழங்கால்

குறுவட்டப் போட்டி நெருங்கினால் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சுண்ணாம்புக் கோட்டில் கைவைத்துக் குனிந்து பழகுவார்கள். கிளாப்பர் சத்தம் கேட்டதும் பலர் இரண்டே எட்டில் நிமிர்ந்துவிடுவார்கள். "குனிஞ்சே ஓடுல!" என்று ஓரத்திலிருந்து குரல் வரும். அப்படி ஓட அந்தக் காலுக்கு வலு வந்துவிட்டதா?

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை வென்ற தாமஸ் பர்க் குனிந்துதான் கிளம்பினார். குனியும்போது உடல் எடை பாதங்களுக்கு முன்னால் போய்விடுகிறது. அதனால் கால் உதைப்பது உடலை மேலே தூக்காமல் முன்னே தள்ளுகிறது. ஆனால் உடல் அப்போது விழுந்துகொண்டும் இருக்கிறது. முதல் எட்டில் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.2 வினாடி. அதற்குள் ஓங்கி உதைத்தால்தான் சாய்வு நிலைக்கும். வலு போதாவிட்டால் விழாமலிருக்க உடல் தானாக நிமிரும். பையன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று திட்டுவது நியாயமே இல்லை.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முதல் எட்டின் உதைப்பை அளந்து பார்த்தார்கள். 16 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர், தேர்ந்த பெரியவர்கள் என மூன்று பிரிவினரின் உடலில் குறிகள் ஒட்டி, அகச்சிவப்புக் கேமராக்கள் முன்னே உதைப்பின் விசையை அளக்கும் தட்டுகள் மேல் ஓடவிட்டார்கள். முதல் எட்டில் பெரியவர்கள் முழங்காலிலிருந்து கூடுதல் திறனை எடுத்தார்கள். எட்டு நீண்டது, வேகமும் கூடியது. இளையவர்களுக்கோ மொத்தத் திறனில் இடுப்பின் பங்கு கூடுதலாக இருந்தது.

உயரம் வேகமாகக் கூடும் வயது பெண்பிள்ளைகளுக்கு 12 வாக்கில், பையன்களுக்கு 14 வாக்கில் வரும். தசைவலு அதற்குச் சில மாதங்கள் பிந்தித்தான் ஏறும். அந்த இடைவெளியில் கால் நீளம், வலு குறைவு. போன வருஷம் அழகாகக் கிளம்பிய பிள்ளை இந்த வருஷம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உசைன் போல்ட் கிளம்பும் முன் குனிந்து நிற்கும் 'செட்' நிலையை அந்தப் பிள்ளைக்குப் போடுவது அண்ணன் சட்டையை மாட்டிவிடுவது போலத்தான்.

கரிசல் மண்ணில் ஒரு வசதி உண்டு: காய்ந்த புழுதியில் முதல் காலடி தெளிவாகப் பதியும். கோட்டிலிருந்து அதுவரை டேப்பால் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இடுப்பைச் சற்றுத் தாழ்த்தியும் உயர்த்தியும், காலைக் கோட்டுக்கு நெருக்கியும் தள்ளியும் பாருங்கள்; நிமிராமல் எது நீளமாக விழுகிறதோ அதுவே இப்போதைக்கு அந்தப் பிள்ளையின் நிலை. உடற்கல்வி ஆசிரியர்களே, அடுத்த போட்டிக்கு முன் இதைச் செய்து பாருங்கள். உயரம் கூடக்கூட மறுபடி அளங்கள்.